நாற்பது டிகிரியில் ஒரு மஞ்சள் திரவம்

இன்னைக்கு ஃப்ளோ பேட்டரியோட கதை. இந்தக் கதையில வில்லன் யாருன்னா, வெப்பம்.

ஃப்ளோ பேட்டரி மின்சாரத்தைத் திரவத்தில் சேமிக்கும். இரண்டு தொட்டி, இரண்டு பம்ப், நடுவுல சவ்வு வைத்த ஒரு செல். அவ்வளவுதான். 1970களில் நாசா இதை இரும்பையும் குரோமியத்தையும் வைத்துச் செய்து பார்த்தது. அறை வெப்பநிலையில் குரோமியம் மெல்ல மெல்ல வினைபுரியாத வடிவத்துக்கு மாறியது. அதனால 65 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி ஓட்ட வேண்டியதாச்சு.

1980களில் சிட்னி. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கில்லாஸ்-கசாகோஸின் குழு வேற வழியைப் பிடித்தது: இரண்டு பக்கமும் ஒரே உலோகம், வனேடியம். சவ்வு வழியா கொஞ்சம் கசிந்தாலும் திரவம் நிரந்தரமாக் கெட்டுப்போகாது. 1986-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள்.

ஆனா, வெப்பம் இங்கேயும் விடல. சர்க்கரை சூட்டில் நல்லா கரையும், இல்லையா? முழுசா சார்ஜ் ஆன பக்கத்தில் இருக்கும் மஞ்சள் நிற வனேடியம் அதுக்கு நேர் எதிர். சுமார் 40 டிகிரிக்கு மேலே போனா வனேடியம் பென்டாக்சைடா படிய ஆரம்பிக்கும். படிவு குழாயை அடைக்கும். மத்த வனேடிய வடிவங்களுக்கோ குளிர்தான் ஆகாது. சுமார் 10 டிகிரிக்குக் கீழே அவை படியும். நடுவுல இருக்கிற 30 டிகிரிதான் வாழ்விடம்.

அதனாலதான் ஆய்வகத்தில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது வெறும் சம்பிரதாயம் இல்லை. குப்பிகளை வெந்நீர்த் தொட்டியில் வைத்து, எத்தனை நாளில் படிவு வருதுன்னு பார்க்கிறாங்க. செல்லை ஓட்டும்போதும் அப்படித்தான். சூடு ஏறினா திரவத்தின் பிசுபிசுப்பு குறையும், வினை வேகமாகும், மின்தடையும் குறையும். செயல்திறன் அழகாத் தெரியும்! கூடவே சவ்வு வழிக் கசிவும் கூடும். காலையில் 20 டிகிரியில் ஒரு சவ்வு, மதியம் 32 டிகிரியில் இன்னொன்று என்று சோதித்தால், ஜெயிச்சது சவ்வா, வெயிலா?

2011-ல் அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் கந்தக அமிலத்தோட ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கலந்து, அந்த எல்லையை மைனஸ் 5 முதல் 50 டிகிரி வரை விரித்தது. குளிரூட்டும் செலவைக் குறைக்க வழி திறந்தது.

அடுத்த முறை "புதிய பேட்டரி, 85 சதவீதச் செயல்திறன்"னு செய்தி வந்தா ஒரு கேள்வி கேளுங்க: எத்தனை டிகிரியில்?