உலையும் கழிவும்: பேராக் மாநிலம் தரும் பாடம்

நெருப்பை வைத்தாளும் இடங்களுக்குத் தமிழில் பெயர்கள் பல. சோறாக்கும் இடம் அடுப்பு; கலமும் செங்கல்லும் சுடும் இடம் சூளை; கொல்லன் இரும்பு காய்ச்சும் இடம் உலை. சங்கப் புலவர்கள் கொல்லனின் உலையையும் துருத்தியையும் உவமையாக எடுத்தாண்டிருக்கின்றனர். இவையனைத்தும் ஒரு பொருளை ஆக்குவதற்கென்று மூட்டிய தீ. நகரத்துக் கழிவை ஒழிப்பதற்கென்றே பேருலை கட்டும் வழக்கம் பிற்காலத்தது. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்தில் 1874ஆம் ஆண்டில் ஆல்பிரட் பிரையர் என்பாரின் வடிவமைப்பில் அமைந்த குப்பை எரியுலையை இதன் தொடக்கமாகக் கூறுவர்.

உலர்ந்த குப்பை எரிந்துவிடும். நீராகவும் சேறாகவும் வரும் கழிவைத் தீயில் இட்டு ஒழித்துவிட இயலுமா? இவ்வினாவுக்கு விடை தேட மலேசியாவின் பேராக் மாநிலத்து வரலாறு நமக்குப் பெரிதும் துணைபுரியும். ஈயச் சுரங்கமும், ரப்பர்த் தோட்டமும், செம்பனை ஆலையும் ஒன்றன்பின் ஒன்றாய் அம்மண்ணில் ஓங்கின. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் உலையைக் கட்டிற்று; ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கழிவையும் விட்டுச்சென்றது.

ஈய உலை

வெள்ளீயத்தை மலேசியத் தமிழர் ஈயம் என்றே வழங்குவர். லாருட் பகுதியிலும், பின்னர் ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈயமணல் ஏராளமாகத் தோண்டப்பட்டது. தொடக்கத்தில் சீனச் சுரங்கத்தார் களிமண்ணால் உலை கட்டி, மரக்கரியோடு ஈயமணலைக் கலந்து, துருத்தி ஊதி உருக்கினர். கரியானது மணலிலுள்ள பிராணவாயுவைக் கவர்ந்துகொள்ள, ஈயம் உருகி அடியில் வடியும். பின்னர் 1887இல் தோன்றிய ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி சிங்கப்பூரிலும், 1902 முதல் பட்டர்வொர்த்திலும் பேருலைகளை நடத்தியது. பேராக்கின் மணல் வெளியூர் சென்று உருகியது.

ஈயமணலைக் கழுவிப் பிரிக்கும்போது அதனோடு வேறு கனமான மணல்களும் ஒதுங்கின. மலாய் மொழியில் இதற்கு 'அமாங்' என்று பெயர். அதற்குள் மோனசைட்டு, சீனோடைம் முதலிய தாதுக்கள் இருந்தன. நெடுங்காலம் அது பயனற்ற கழிவாகவே கருதப்பட்டது. அந்தக் கருமணலைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

தோட்டத்துப் புகைக்கூடம்

1877இல் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்த ரப்பர்க் கன்றுகளிற் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால்மரக் காடுகள் பெருகின. தமிழகத்திலிருந்து தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வந்தனர். வாளியில் வந்த பாலைத் தொட்டியில் ஊற்றி, ஃபார்மிக் அமிலமிட்டு உறையச் செய்து, உருளையிற் கொடுத்துத் தகடாக்கிப் புகைக்கூடத்தில் தொங்கவிடுவர்.

புகைக்கூடம் பார்வைக்கு எளியது. ஆயினும் அதற்குள் நுட்பமான உலையறிவு உண்டு. அங்கே தீ கொழுந்துவிடலாகாது, புகைதல் வேண்டும். வெப்பம் ஏறத்தாழ 40 பாகையில் தொடங்கி 60 பாகைக்குள் நிற்றல் வேண்டும். மிஞ்சினால் தகட்டிற் கொப்புளம் எழும். குறைந்தால் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். பல நாட்கள் இரவும் பகலும் விறகை அளந்து இடவேண்டும். தொடக்கத்தில் தகடுகளுக்கு நேர் கீழேயே தீ மூட்டினர். ஒரு பொறி பறந்தாலும் கூடம் முழுவதும் எரிந்துபோகும் ஆபத்து இருந்தது. எனவே அடுப்பை வெளியே கட்டி, புகையை மட்டும் நிலத்தடிக் குழாய் வழியே உள்ளே செலுத்தும் அமைப்பு வந்தது. தீ ஓரிடத்திலும் அதன் பயன் வேறோரிடத்திலும் இருக்கலாம் என்பதை இது காட்டிற்று.

பால் உறைந்தபின் எஞ்சும் புளித்த நீரோ புகைக்கூடத்துக்குப் போகவில்லை. வாய்க்கால் வழியே ஓடைக்குச் சென்றது. புரதமும் சர்க்கரையும் கலந்த அந்நீர் அழுகி நாறும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர் யாவரும் அந்நாற்றத்தை அறிவர். உலை தகட்டுக்கு, ஓடை கழிவுக்கு என்பதே அக்காலத்து முறை.

செம்பனையும் சேறும்

1960களிலிருந்து பல தோட்டங்களில் பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. செம்பனை ஆலை தன் விறகைத் தானே தருவது. பழத்தின் நாரும் கொட்டையின் ஓடும் கொதிகலனில் எரிந்து, ஆலைக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் தருகின்றன. பழம் உதிர்ந்த வெறுங்குலைகளையும் பல ஆலைகள் தனி உலையில் எரித்து, பொட்டாசியம் மிகுந்த சாம்பலை மரங்களுக்கு எருவாக இட்டன. ஆனால் குலையில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் ஈரம். எனவே எரியும்போது வெண்புகை மண்டிற்று. 1978ஆம் ஆண்டுக் காற்றுத்தூய்மை விதிகள் வந்தபின் இவ்வழக்கம் படிப்படியாகக் குறைந்து, குலைகளை மரத்தடியில் பரப்பி மட்கவிடும் முறை பரவியது.

குலையைக் காட்டிலும் பெருஞ்சிக்கல் ஆலையின் கழிவுச்சேறு. ஒரு டன் எண்ணெய் எடுக்க, ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டன் கழிவுநீர் வெளிப்படும். அது கொதிக்கும் நிலையில் பழுப்பு நிறக் கூழாக வரும். ஆற்றில் விழுந்தால், அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். மீன்கள் மூச்சடைத்து மடியும். இவ்வாறு உறிஞ்சப்படும் பிராணவாயுவின் அளவே கழிவின் கேட்டை அளக்கும் கோல். பதப்படுத்தாத செம்பனைக் கழிவுநீரில் இது லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 1977இல் செம்பனை ஆலைகளுக்கும் 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. செம்பனை ஆலைகளுக்கான வரம்பு 1978இல் 5,000 மில்லிகிராமாக இருந்து, ஆண்டுதோறும் இறுகி, 1984இல் 100 மில்லிகிராமாயிற்று.

இச்சேற்றைக் கொதிகலனில் ஊற்றி எரித்துவிட்டாலென்ன? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு டன் சேற்றில் 950 கிலோ நீர். 50 கிலோவே திடப்பொருள். ஒரு கிலோ நீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொணர 70 கிலோகலோரியும், ஆவியாக்க 540 கிலோகலோரியும் ஆக 610 கிலோகலோரி வேண்டும். 950 கிலோவுக்கு ஏறத்தாழ 5,80,000 கிலோகலோரி. திடப்பொருள் கிலோவுக்கு 4,300 கிலோகலோரி வீதம் தருவது 2,15,000 மட்டுமே. வரவைக் காட்டிலும் செலவு இரு மடங்குக்கு மேல்! அந்தப் பள்ளத்தை டீசலால் நிரப்ப வேண்டும். அதே சேற்றைப் பிழிந்து, திடப்பொருளை நூற்றுக்கு முப்பது பங்காக்கினால், ஒரு டன்னில் வரவு 12,90,000. நீருக்குச் செலவு 4,27,000. அப்போதுதான் சேறு தன் வெப்பத்தாலேயே எரியத் தொடங்கும். சேற்றுக்கு உலை கட்டுவோன் முதலில் வெல்ல வேண்டியது நீரையே என்பது இதனால் விளங்கும்.

பேராக்கைச் சேர்ந்த பங்கோர் தீவிலும் இவ்வுண்மை புலப்பட்டது. நாளொன்றுக்கு 20 டன் குப்பையை எரிக்க அங்கே ஒரு சிற்றுலை கட்டப்பட்டது. உணவுக்கழிவு மிகுந்த ஈரக்குப்பையை எரிக்க டீசற் செலவு ஏறிற்று. வெளிநாட்டில் உலர்ந்த குப்பைக்குப் பொருந்திய கணக்கு, மழை மிகுந்த நாட்டுக்கு அப்படியே பொருந்தாது.

சேற்றை எரிக்கும் உலைகள்

இச்சிக்கலைத் தீர்க்கப் பொறியியலார் மூவகை உலைகளைக் கண்டனர். முதலாவது சுழல் உலை. சற்றே சரிந்து கிடக்கும் நீண்ட இரும்பு உருளை, உட்புறம் தீச்செங்கல் பதித்து மெல்லச் சுழலும். மேல்முனையில் இட்ட சேறு புரண்டு புரண்டு உலர்ந்து எரிந்து, கீழ்முனையில் சாம்பலாக விழும். இங்கிலாந்தில் பிரடரிக் ரான்சம் 1885இல் சிமெண்டுக்கெனக் காப்புரிமை பெற்ற சூளையின் வழிவந்தது இது.

இரண்டாவது அடுக்குத் தட்டு உலை. உயர்ந்த உருளைக்குள் தட்டுகள் மாடிமாடியாக அமைந்திருக்கும். நடுத்தண்டிற் பொருத்திய கைகள் சேற்றைத் தட்டுதட்டாகக் கீழே தள்ளும். மேல்தட்டுகளில் உலர்தல், நடுத்தட்டுகளில் எரிதல், கீழ்த்தட்டுகளில் ஆறுதல். கந்தகத் தாதுவை வறுக்கப் பிறந்த இவ்வுலை, 1930களில் அமெரிக்காவின் டியர்பார்ன் நகரில் சாக்கடைச் சேற்றை எரிக்க வந்தது.

மூன்றாவது மணற்படுகை உலை. சூடேறிய மணலின் அடியிலிருந்து காற்றைச் செலுத்தினால் மணல் கொதிக்கும் நீரைப்போல் குமிழியிட்டுப் புரளும். அதில் விழும் சேறு நொடியில் சிதறி எரியும். 1920களில் ஜெர்மானியரான பிரிட்ஸ் விங்க்ளர் கரியை வாயுவாக்கக் கண்ட இம்முறை, 1960களில் சேற்றுக்கும் பயன்படலாயிற்று.

நீர்மக் கழிவுக்கோ இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டா. மெல்லிய குழல் முனை வழியே காற்றோடு பீய்ச்சி நுண்துளிகளாக்கினால், துளி சிறுக்குமளவு விரைந்து எரியும்.

எவ்வுலையாயினும் மூன்றைக் காக்க வேண்டும்: வெப்பம், கலப்பு, காலம். முதல் அறையில் எழும் புகையை இரண்டாம் அறையிலிட்டு, 850 பாகைக்குக் குறையாமல் இரண்டு நொடியேனும் காற்றோடு நன்கு கலந்து நிறுத்த வேண்டும். குளோரின் மிகுந்த கழிவுக்கு 1,100 பாகை. அதன்பின் புகையை மெல்ல ஆறவிடுதல் கூடாது. 450 பாகைக்கும் 200 பாகைக்கும் இடையில் டையாக்சின் என்னும் கொடுநஞ்சு மீண்டும் உருவாகக்கூடும். ஆகவே விரைந்து குளிர்வித்து, சுண்ணாம்பிட்டுக் கழுவி, துணிப்பையில் வடிகட்டியே வெளிவிடுவர். மலேசியாவில் ஆபத்தான கழிவுகளைப் பட்டியலிட்டு 1989இல் விதிகள் வந்தன. அக்கழிவுகளை எரிக்கும் சுழல் உலையோடு கூடிய நிலையம் நெகிரி செம்பிலானின் புக்கிட் நானாஸில் 1998இல் செயற்படலாயிற்று. அதற்கு முன்பே பேராக் மாநிலம் எவ்வுலையாலும் தீராத ஒரு கழிவைக் கண்டிருந்தது.

புக்கிட் மேரா

முன்பு ஒதுக்கி வைத்த கருமணலை இங்கே நினைவுகூர்க. அமாங்கிலுள்ள மோனசைட்டிலிருந்தும் சீனோடைமிலிருந்தும் அருமண் தனிமங்களைப் பிரித்தெடுக்க, ஈப்போவை அடுத்த லகாட், புக்கிட் மேரா பகுதியில் ஏசியன் ரேர் எர்த் என்னும் ஆலை 1982இல் வேலை தொடங்கியது. ஜப்பானிய நிறுவனம் ஒன்றும் அதிற் பங்காளி. வேண்டியதை எடுத்தபின் எஞ்சிய சேற்றில் தோரியம் இருந்தது. அதனைப் புதைக்கப் பாரிட் என்னுமிடம் எண்ணப்பட்டது; மக்கள் மறுத்தனர். அடுத்துப் பாப்பானில் குழி வெட்டப்பட்டது. அங்கும் 1984இல் எதிர்ப்பு எழுந்தது. 1985இல் புக்கிட் மேரா மக்கள் ஈப்போ உயர்நீதிமன்றத்தை நாடி இடைக்காலத் தடை பெற்றனர். 1987இல் தொடங்கிய நீண்ட விசாரணைக்குப்பின், 1992 ஜூலையில் ஆலையை நிறுத்துமாறு தீர்ப்பு வந்தது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதனை மாற்றியது. ஆயினும் 1994இல் நிறுவனமே ஆலையை மூட முன்வந்தது. பின்னர் கழிவும் ஆலையின் மாசுபட்ட பகுதிகளும் கிளேடாங் மலைப்பகுதியில் காப்பிட்டுப் புதைக்கப்பட்டன.

இச்சேற்றை ஏன் எரிக்க இயலாது? தீ என்பது பொருளின் கட்டை அவிழ்ப்பது; தனிமத்தை அழிப்பதன்று. எண்ணெயும் சர்க்கரையும் எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியுமாகும், கேடு தீரும். ஈயமும் பாதரசமும் தோரியமும் எத்துணை வெப்பத்திலும் தாமாகவே நிற்கும். சாம்பலிலோ புகையிலோ இடம் மாறும், அவ்வளவே. தோரியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் செல்லும்.

தீயை இடும் முறை

செம்பனைச் சேற்றின் கதை நல்ல முடிவை நோக்கிச் சென்றது. ஆலைகள் குளங்கள் வெட்டி, காற்றுப் புகாத நிலையில் நுண்ணுயிர்களைக்கொண்டு அச்சேற்றைச் சிதைத்தன. அதில் எழும் மீத்தேன் வாயு நெடுங்காலம் வீணே வானிற் கலந்து புவி வெப்பத்தை மிகுத்தது. பின்னர்க் குளத்தை மூடி வாயுவைப் பிடிக்கும் வழி வந்தது. ஒரு டன் கழிவுநீரிலிருந்து ஏறத்தாழ 28 கனமீட்டர் வாயு கிடைக்கும். 2014 முதல் புதிய ஆலைகளுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. நீரைக் காய்ச்சாமல், நீருக்குள் இருக்கும் எரிபொருளை மட்டும் பிரித்தெடுத்து எரிக்கும் வழி இது. புகைக்கூடத்து அடுப்பை வெளியே எடுத்துக் கட்டிய அறிவின் தொடர்ச்சி எனலாம்.

ஆகவே உலை கட்டுமுன் கழிவை அறிதல் வேண்டும். அதில் நீர் எவ்வளவு, தீயால் அவிழாத தனிமம் எது என்று கேட்டல் வேண்டும். புகைபோக்கியின் அடியில் வாழ்பவர் யார் என்பதும் அவற்றோடு சேர்த்துக் கேட்கத்தக்க வினாவே. பால்மரத்து ஓடைக்கரையில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளியை எவரும் அவ்வினாவைக் கேட்டதில்லை. புக்கிட் மேரா மக்களோ தாமே எழுந்து நீதிமன்றத்திற் கேட்டனர். கொல்லன் தன் உலையைத் தன் வீட்டருகே வைத்திருந்தான். அதன் புகையைத் தானும் முகர்ந்தான். இன்றைய பேருலைகளைத் திட்டமிடுவோரும் அவ்வாறே தம் வீட்டருகில் கட்டுவதாக எண்ணிக் கட்டுவாராயின், கணக்கிற் பிழை நேராது.