நுழைவாயில் வழங்கியும் தனி வலையமைப்பும்: முகவரிச் சிக்கலின் வரலாறு (1994–2014)

பொது இணையத்திலிருந்து வரும் கோரிக்கை, தனி வலையமைப்பிற்குள் இருக்கும் வழங்கியை நேரடியாக அடைவதில்லை. நுழைவாயில் வழங்கி அதனைப் பெற்று உள்ளே அனுப்பி, விடையைத் தன்னுடையதுபோல் திருப்பித் தருகிறது. 'ரிவர்ஸ் பிராக்சி' எனப்படும் இம்முறை பெரும்பாலும் பாதுகாப்பு நோக்கிலேயே விளக்கப்படுகிறது. முகவரி குறித்த பழைய விவாதத்தோடு இணைத்துக் காணும்போது அதன் வரலாறு வேறொரு பொருள் தருகிறது.

1994 மார்ச்சில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1597, நிறுவனங்கள் தமக்குள் மட்டும் பயன்படுத்துவதற்கென 10.0.0.0 உள்ளிட்ட மூன்று முகவரித் தொகுதிகளை ஒதுக்கியது. ஒரே எண் பல இடங்களில் வழங்கலாம் என்பதே இதன் உட்பொருள். அதே ஆண்டு ஜூலையில் ஆர்.எஃப்.சி. 1627 இதனைக் கடுமையாக மறுத்தது. முகவரியின் தனித்தன்மை இணையத்தின் அடித்தளம் என்றும், இரு நிறுவனங்கள் பின்னர் இணைய நேர்ந்தால் எண்கள் மோதும் என்றும் அது வாதிட்டது. 1996 பிப்ரவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 1918 ஒதுக்கீட்டை உறுதிப்படுத்தியது. மறுப்பை எழுதியோருள் ஒருவரான எலியட் லியர் இதன் ஆசிரியர்களுள்ளும் ஒருவர் என்பது கருதத்தக்கது. எதிர்ப்பு தோற்றது என்பதைவிட உள்வாங்கப்பட்டது என்பதே பொருந்தும்.

இக்காலத்துப் பிராக்சி எதிர்த்திசையில் இயங்கியது. ஆரி லுவோட்டனென், கெவின் ஆல்ட்டிஸ் ஆகியோர் 1994இல் ஜெனீவாவில் நடந்த முதல் உலகளாவிய வலை மாநாட்டில் விளக்கிய பிராக்சி, தீச்சுவருக்குள் இருப்போர் வெளியுலகை அடைவதற்கானது. 1996 மே மாத ஆர்.எஃப்.சி. 1945 இவ்விரண்டையும் பிரித்தறிந்தது. அதன்படி, நுழைவாயில் மூல வழங்கியைப்போலவே கோரிக்கையைப் பெறும். இடையில் ஒருவர் இருப்பதைக் கேட்பவர் அறியாமலும் இருக்கலாம்.

இந்த அறியாமை இருபுறமும் நிலவியது. உள்வழங்கியின் பதிவேட்டில் வந்தோர் அனைவருக்கும் ஒரே முகவரி, அதாவது நுழைவாயிலின் முகவரியே, பதிவாயிற்று. 1627 அஞ்சிய தனித்தன்மை இழப்பு, அது எதிர்பாராத இடத்தில் நிகழ்ந்தது எனலாம். இக்குறையை ஈடுசெய்ய, கேட்பவரின் முகவரியைத் தலைப்பு வரியாகச் சேர்க்கும் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' வழக்கத்திற்கு வந்தது. 2014 ஜூனில்தான் ஆர்.எஃப்.சி. 7239 இதற்கு 'ஃபார்வர்டட்' என்னும் நெறிப்பட்ட வடிவம் தந்தது. எனினும் கோரிக்கை அனுப்புபவர் உட்பட வழியிலுள்ள எவரும் அவ்வரியைத் திருத்த இயலும் என்பதால் அதனை நம்பவியலாது என்று அவ்வாவணமே எச்சரிக்கிறது. ஆகவே தம் நுழைவாயில் தானே எழுதிய பகுதியை மட்டும் ஏற்று, எஞ்சியதைப் புறக்கணிப்பதே கவனமுள்ள வலையமைப்பு நிர்வாகிகளின் நடைமுறையாக உள்ளது.