கேபிளுக்குச் சட்டை கொடுத்த மரம்

நீங்கள் ரொறன்ரோவில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவுடன் வட்ஸ்அப்பில் கதைக்கிறீர்கள். உங்கள் குரல் எந்த வழியாகப் போகிறது? இதைப் பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் விரல் வானத்தைக் காட்டும். செயற்கைக்கோள் என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ‘கிளவுட்’, ‘வயர்லெஸ்’ என்றெல்லாம் பெயர் வைத்தது எங்கள் கணினித் துறைதானே!

உண்மையில் கண்டம் விட்டுக் கண்டம் போகும் தரவுகளில் 95 வீதத்துக்கும் மேற்பட்டவை கடலுக்கு அடியில் கிடக்கும் கேபிள்கள் வழியாகவே போகின்றன. ஆழ்கடலில் அந்தக் கேபிளின் பருமன், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் அளவுதான். பொறியியல் படித்த காலத்தில் இந்தக் கேபிள்களின் கணக்குகளை எல்லாம் போட்டிருக்கிறேன். ஆனால் இவற்றின் தொடக்கத்தில் ஒரு மரம் நிற்கிறது என்பதைப் பிற்பாடு நானாகத் தேடி வாசித்தபோதுதான் அறிந்தேன்.

1840களில் தந்தி வந்துவிட்டது. தரையில் கம்பம் நட்டுக் கம்பியை இழுத்தால் போதும். சுற்றியிருக்கும் காற்று மின்சாரத்தைக் கடத்தாது. கடலில் நிலைமை வேறு. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். வெறும் செப்புக் கம்பியைக் கடலில் போட்டால் மின்சாரம் தண்ணீருக்குள் கசிந்துவிடும். ஆகவே கம்பிக்கு ஒரு சட்டை தேவைப்பட்டது. இறப்பரைச் சுற்றிப் பார்த்தார்கள். கடலில் கிடந்து அது பழுதாகிப் போனது.

விடை மலாயாக் காடுகளில் இருந்தது. அங்கே வளர்ந்த ‘தாபான்’ என்ற மரத்தின் பாலை மலாய் மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். இறுகிய பாலை வெந்நீரில் போட்டால் களிமண்போல இளகும். விரும்பிய வடிவத்தில் பிடித்து ஆறவிட்டால் கட்டைபோல இறுகும். அதில் கத்திப் பிடிகளும் சவுக்குகளும் செய்தார்கள். அதன் மலாய்ப் பெயர் ஐரோப்பியர் வாயில் ‘கட்டாபெர்ச்சா’ ஆனது. சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மொன்ட்கொமெரி என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். 1843இல் மாதிரிகள் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. 1847இல் ஜெர்மனியில் வேர்னர் சீமென்ஸ் இதைத் தந்திக் கம்பிகளுக்குப் பூசத் தொடங்கினார். 1848இல் மைக்கேல் பரடே இது மிகச் சிறந்த மின்காப்புப் பொருள் என்று எழுதினார்.

நான் மிகவும் ரசித்த இடம் இதன் வேதியியல். இறப்பரும் கட்டாபெர்ச்சாவும் ஐசோபிரீன் என்ற ஒரே அலகு கோத்த நீண்ட சங்கிலிகள். கோத்த விதத்தில்தான் வேறுபாடு. இறப்பரில் ஒவ்வொரு கண்ணியும் ஒரே பக்கமாக மடிவதால் சங்கிலி சுருண்டு கிடக்கும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கட்டாபெர்ச்சாவில் கண்ணிகள் மாறி மாறித் திரும்புவதால் சங்கிலி நேராக நீளும். நேரான சங்கிலிகள் அடுக்கி வைத்த விறகுபோல நெருங்கிப் படுத்துக்கொள்ளும். அதனால் அது கடினமானது. வெளிச்சத்திலும் காற்றிலும் கிடந்தால் நொறுங்கிப் போகும் இந்தப் பொருள், கடலடியின் இருட்டிலும் குளிரிலும் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். கேபிளுக்கென்றே செய்த பொருள் போல! நம் ஊர் இலுப்பையும் தாபானும் ஒரே தாவரக் குடும்பம் என்பது இன்னொரு செய்தி.

1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் கட்டாபெர்ச்சா போர்த்திய கேபிள் இணைத்தது. 1858இல் அயர்லாந்திலிருந்து நியூபவுண்லாந்து வரை அத்திலாந்திக் கடலில் கேபிள் போட்டார்கள். விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய 98 சொற்கள் போய்ச் சேர 16 மணித்தியாலம் எடுத்தன. சராசரியாக ஒரு சொல்லுக்கு 10 நிமிடம். மின்துடிப்பு நீண்ட கேபிளில் பரவி மங்கிவிடுவதே காரணம். வில்லியம் தொம்சன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு, மெல்லிய துடிப்பை அனுப்பி நுட்பமான கருவியால் வாசிக்க வேண்டும் என்றார். பொறுப்பிலிருந்த வைட்ஹவுஸ் கேட்கவில்லை. ஏறக்குறைய 2,000 வோல்ட் அழுத்தத்தைச் செலுத்தினார். ஏற்கெனவே பலவீனமாக இருந்த காப்பு அதைத் தாங்கவில்லை. சில வாரங்களில் கேபிள் செத்துப்போனது. நிலையான இணைப்பு 1866இல்தான் கிடைத்தது.

1871இல் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றையும் கடல்வழித் தந்தி இணைத்தது. தமிழர்கள் கூலிகளாக அதே கடலைக் கடந்துகொண்டிருந்த காலம் அது. பின்னாளில் மலாயாவில் இறப்பர்த் தோட்டங்கள் வந்தபோது அங்கே பால்வெட்டியவர்களில் பெரும்பகுதியினரும் தமிழர்களே. ஒரே அலகால் ஆன இரண்டு சங்கிலிகள். ஒன்று மலாயாக் காட்டை வெளியே கொண்டுபோனது, மற்றது நம் மக்களை உள்ளே கொண்டுவந்தது.

காட்டை என்று ஏன் சொல்கிறேன்? இறப்பர் மரத்தைக் கீறினால் பால் ஒழுகும், மரம் பிழைத்துக்கொள்ளும். தாபானின் பாலோ கீறிய இடத்திலேயே சீக்கிரம் உறைந்துவிடும். ஆகவே மரத்தையே வெட்டிச் சாய்த்துப் பட்டையைச் சுற்றிச் சுற்றி வெட்டிப் பாலைச் சேர்த்தார்கள். ஒரு மரத்தில் கிடைத்தது பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைவு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் அத்திலாந்திக் கேபிளுக்கு ஒரு கடல் மைலுக்கு ஏறக்குறைய 118 கிலோ கட்டாபெர்ச்சா பூசினார்கள். செய்த நீளம் 2,500 கடல் மைல். பெருக்கினால் 295 தொன் வரும். மரத்துக்கு ஒரு கிலோ என்று தாராளமாக வைத்தாலும் மூன்று லட்சம் மரங்கள்! அதுவும் சில வாரங்களே உயிரோடிருந்த ஒரு கேபிளுக்கு. 1850களின் இறுதிக்குள் சிங்கப்பூர்த் தீவில் தாபான் ஏறக்குறைய அற்றுப்போனது. வெட்டுபவர்கள் மலாயா, சுமாத்திரா, போர்னியோ என்று காடு மாறிப் போனார்கள். மரத்தைச் சாய்க்காமல் இலையிலிருந்து பால் எடுக்கும் தோட்டங்கள் ஜாவாவில் பின்னர் வந்தன. பெருங்காடு அதற்குள் போய்விட்டது.

எஞ்சிய மரங்களைக் காப்பாற்றியதில் ஒரு தற்செயலுக்கும் பங்குண்டு. 1933இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவன ஆய்வுகூடத்தில், எதிர்பாராமல் வெள்ளை மெழுகு போன்ற ஒரு பொருள் கிடைத்தது. அதுதான் பொலித்தீன். கடைப் பையாக நாம் திட்டும் அதே பொருள்தான். 1956இல் அத்திலாந்திக்கைக் கடந்த முதல் தொலைபேசிக் கேபிளின் காப்பு பொலித்தீன். இன்றைய கண்ணாடி இழைக் கேபிள்களும் அதைத்தான் போர்த்திக் கிடக்கின்றன. கட்டாபெர்ச்சா முற்றாக மறைந்துவிடவில்லை. பல்லில் ரூட் கனால் செய்தால் வேர்க்குழாயை அடைக்கப் பல் வைத்தியர்கள் இன்றும் அதையே பயன்படுத்துகிறார்கள்.

உங்களில் பலர் நாளை பொறியியலாளர் ஆவீர்கள். ஒரு பொருளைப் பார்க்கும்போது இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்கத்தான் நமக்குக் கற்றுத்தருகிறார்கள். இது எங்கிருந்து வந்தது, எதை வெட்டி எடுத்தார்கள், முதலில் அறிந்தவர் யார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் கைபேசி பற்றரியில் கோபால்ட் இருந்தால், அந்தக் கேள்வி உங்களைக் கொங்கோவின் சுரங்கங்களுக்குக் கொண்டுபோகக் கூடும்.

1866ஆம் ஆண்டுக் கேபிள் கரையேறிய ஊர் நாம் வாழும் இதே கனடாவில், நியூபவுண்லாந்தில் இருக்கிறது. பெயர் ஹார்ட்ஸ் கொன்டென்ட். அந்தப் பக்கம் போனால் பழைய கேபிள் நிலையத்தையும் கரையில் பழங்கேபிள்களின் முனைகளையும் பாருங்கள். தொம்சனின் பெயரும் வைட்ஹவுஸின் பெயரும் வரலாற்றில் இருக்கின்றன. வெந்நீரில் அந்தப் பாலை இளக்கி முதற் கத்திப்பிடியைச் செய்தவரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.