பாசிக்கு 18 வருஷம்

1973 இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, அமெரிக்காவின் பெற்றோல் நிலையங்களில் நீண்ட வரிசை. (வரிசை எண்டா என்னெண்டு எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.) அந்தப் பயத்தில் பிறந்த திட்டங்களில் ஒண்டுதான் 1978 இல், கார்ட்டர் காலத்தில் தொடங்கிய நீர்வாழ் இனங்கள் திட்டம். பாசியிலிருந்து டீசல் எடுக்கலாமா எண்டதுதான் கேள்வி.

ஆய்வாளர்கள் ஏறக்குறைய 3,000 பாசி வகைகளைச் சேகரித்தார்கள். நைதரசன் குடுக்காமல் பட்டினி போட்டால் பாசிக் கலத்துக்குள்ள எண்ணெய் கூடும். ஆனா வளர்ச்சி படுத்துவிடும். கடைசியில் மொத்த எண்ணெய் கூடவே இல்லை. நியூ மெக்சிகோவின் றொஸ்வெல்லில் 1,000 சதுர மீற்றர் குளங்கள் அமைத்தார்கள். பாலைவனத்து இரவுக் குளிர் விளைச்சலைக் கெடுத்தது. போதாததுக்கு, விட்ட பாசியைத் தள்ளிப்போட்டு உள்ளூர்ப் பாசி குளத்தைப் பிடித்துக்கொண்டது.

1996 இல் திட்டம் மூடப்பட்டது. மொத்தச் செலவு ஏறக்குறைய 25 மில்லியன் டொலர். பாசி தோத்துப்போச்செண்டு சொல்லுறதை நான் ஏற்கமாட்டன். எண்ணெய் மலிஞ்சதும் பயம் போச்சு. எரிசக்தித் திணைக்களம் இருந்த காசை எதனோல் பக்கம் திருப்பியது. மிஞ்சிய 300 வகையளவில் ஹவாய் பல்கலைக்கழகத்துக்குப் போனது.

எண்ணெய் விலை திரும்ப ஏறிய பிறகு, 2009 இல், எக்ஸான்மொபில் 600 மில்லியன் டொலர் வரை செலவழிப்பம் எண்டு அதே பாசியிட்ட வந்தது. 2023 இல் அவையும் விட்டிட்டினம்.