ராபர்ட் போர்க்கின் அளவுகோல்

ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி உடைக்கப்பட்ட 1911-ஆம் ஆண்டோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். இப்போது அரை நூற்றாண்டைக் கடந்து லாஸ் ஏஞ்சலஸின் மளிகைக் கடைகளுக்குப் போவோம்.

1960-இல் வான்ஸ் என்ற கடைத்தொடர், ஷாப்பிங் பேக் என்ற இன்னொரு கடைத்தொடரை வாங்கியது. இரண்டும் சேர்ந்தாலும் நகரின் மளிகை விற்பனையில் 7.5 சதவீதம்தான். ஆனாலும் 1966-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த இணைப்பு செல்லாது என்றது. 1950-இல் 5,365 ஆக இருந்த ஒற்றைக்கடை முதலாளிகள் 1961-இல் 3,818 ஆகக் குறைந்திருந்தார்கள். அந்தத் தேய்மானம்தான் நீதிபதிகளை உறுத்தியது.

இத்தகைய தீர்ப்புகளால் சாமான் வாங்க வருகிறவருக்கு என்ன லாபம் என்று விடாமல் கேட்டவர், யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராபர்ட் போர்க்.

1927-இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்த போர்க், சிகாகோவில் சட்டம் படித்தார். அங்கே ஏகபோகத் தடுப்புச் சட்ட வகுப்பை இருவர் நடத்தினார்கள். எட்வர்ட் லெவி வாரத்தில் நான்கு நாள் வழக்குகளை அழகாகக் கோத்து விளக்குவார். ஐந்தாம் நாள் பொருளாதார நிபுணர் ஆரன் டைரக்டர் வந்து, அந்த நான்கு நாள் பாடமும் ஏன் தவறு என்று காட்டுவார். டைரக்டர் எழுதியது மிகக் குறைவு. அவர் வகுப்பறையில் கேட்ட கேள்விகளைப் புத்தகங்களாக்கியவர்கள் மாணவர்கள்தான். போர்க் அவர்களில் முதல் வரிசைக்காரர்.

ஏகபோகத் தடுப்புக்காக 1890-இல் வந்த ஷெர்மன் சட்டம் சில வரிகளே கொண்டது. வணிகத்தை முடக்கும் ஒப்பந்தம் குற்றம், ஏகபோகத்துக்கு முயல்வதும் குற்றம் என்கிறது. எது முடக்கம், எது நியாயமான போட்டி என்று சொல்வதில்லை. அதை நீதிபதிகளிடமே விட்டுவிட்டது. அந்த இடைவெளியில்தான் போர்க் நுழைந்தார். பழைய நாடாளுமன்ற விவாதங்களைப் புரட்டி, சட்டத்தின் ஒரே நோக்கம் நுகர்வோர் நலன் என்று 1966-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1978-இல் வெளியான ‘தி ஆன்டிடிரஸ்ட் பாரடாக்ஸ்’ அதே வாதத்தின் முழு வடிவம். மறு ஆண்டே, காது கேட்கும் கருவி வாங்கியவர் தொடுத்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் புத்தகத்தை மேற்கோள் காட்டி அவரது கருத்தை ஏற்றது. ஷெர்மன் சட்டத்தில் ஒரு எழுத்தையும் நாடாளுமன்றம் இதற்காகத் தொடவில்லை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். போர்க்கின் கணக்கில் ‘நுகர்வோர் நலன்’ என்பது கடைக்கு வருகிறவரின் நலன் மட்டும் அல்ல. இரண்டு கம்பெனிகள் இணைந்து செலவைக் குறைத்து, அந்த மிச்சத்தை முதலாளிகளே எடுத்துக்கொண்டாலும், அதுவும் நலன் பக்கத்தில்தான் சேரும். ஏழையின் பையிலிருந்து பணக்காரரின் பைக்குப் பணம் போவது அவர் கணக்கில் நட்டமே இல்லை. 1890-இல் பேசியவர்கள் இப்படி நினைத்தார்களா? ரயில்வேயிடமும் ‘டிரஸ்ட்’ என்ற கம்பெனிக் கூட்டுகளிடமும் சிக்கிய விவசாயிகளின் கோபமே அந்தச் சட்டத்தைப் பெற்றது. ஏகபோகக்காரர் மக்கள் பணத்தைப் பறிக்கிறார் என்பதே அன்றைய அமெரிக்க நாடாளுமன்றத்தின் கவலை என்று 1982-இல் ராபர்ட் லாண்டே என்ற சட்ட அறிஞர் விரிவாகக் காட்டினார். எனக்கும் அந்த வாசிப்பே வரலாற்றுக்கு நெருக்கமாகப் படுகிறது. வான்ஸ் தீர்ப்பின் மீது போர்க் சொன்ன குறை சரி. அதற்கு அவர் தந்த மருந்துதான் மிகக் கடுமையானது.

போர்க்கின் பிற்கால வாழ்க்கை அரசியலில் கழிந்தது. 1973-இல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தபோது, நிக்சனின் உத்தரவை மறுத்து மேலதிகாரிகள் இருவர் வெளியேற, வாட்டர்கேட் விசாரணையின் சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கியவர் இவர். 1987-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ரீகன் முன்மொழிந்தபோது செனட் 58-42 என்று நிராகரித்தது.

ஆனால் அவரது கருத்து அவரைவிட நன்றாகப் பதவி வகித்தது. ரீகன் ஆட்சியில் இணைப்புகளைச் சோதிக்கும் விதிகள் 1982-இல் தளர்ந்தன. தள்ளுபடி, விநியோக ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றிலும் வழக்குத் தொடுப்பவரின் சுமை கூடிக்கொண்டே போனது.

1998-இல் போர்க், நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவி நிறுவனத்தின் தரப்பில் நின்று மைக்ரோசாஃப்ட்டுக்கு எதிராக வாதாடினார். அவரைப் பின்பற்றியவர்கள் பலர் திகைத்தார்கள். அவரோ 1951-இன் தீர்ப்பு ஒன்றைச் சுட்டினார். ஓஹையோவில் ஒரு செய்தித்தாள், வானொலியில் விளம்பரம் கொடுத்தவர்களின் விளம்பரத்தை ஏற்க மறுத்துத் தோற்ற வழக்கு அது. போட்டியாளரை நசுக்குவதைத் தவிர வேறு பயன் இல்லாத செயல் அன்றும் குற்றம், இன்றும் குற்றம் என்பது அவர் நிலை. 2001-இல் மைக்ரோசாஃப்ட் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்று சொன்னது, அவர் முன்பு நீதிபதியாக அமர்ந்திருந்த அதே வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம்.

போர்க் 2012-இல் இறந்தார். ஐந்தாண்டுகளுக்குள், அவர் பாடம் நடத்திய யேலிலேயே லினா கான் என்ற மாணவி, அவர் புத்தகத்தின் பெயரையே திருப்பி அமேசானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பொருள் மலிவாகக் கிடைக்கும் இடத்திலும் ஏகபோகம் வளர முடியும் என்பது கானின் வாதம். அடுத்த வாரம் அவரிடம் வருவோம்.

(தொடரும்)