ஆர்எஃப்சி 1179-உம் பெர்க்லி அச்சு மரபும்: ஒரு மறுவாசிப்பு

கோப்பின் பெயரைக் கட்டளைவரியில் தந்து அதை அச்சுக்கு அனுப்பும் எல்பிஆர் கட்டளை, யூனிக்ஸ் உலகில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழங்கிவருகிறது. வேறொரு கணினியில் உள்ள அச்சுப்பொறிக்கு அது வேலையை அனுப்பும் நெறிமுறைக்கு, 1990 ஆகஸ்ட்டில் வெளியான ஆர்எஃப்சி 1179 என்ற ஆவணமே மூலநூலாகக் கொள்ளப்படுகிறது. ஐயம் எழும்போதெல்லாம் அதைக் காட்டியே முடிவு சொல்லப்படுகிறது. அதற்கு மாறாக நடக்கும் நிரல்கள் பிழையுள்ளவை எனத் தள்ளப்படுகின்றன. இந்த வாசிப்பை ஏற்க முடியாது. பெர்க்லி நிரல் புழக்கத்துக்கு வந்து பல இடங்களுக்குப் பரவிய பின், அங்கங்கே உருவான வழக்கங்களையும் சேர்த்துக்கொண்டு எழுந்த பதிவே ஆர்எஃப்சி 1179. இதற்கான சான்றுகள் பெரும்பாலும் அந்த ஆவணத்திலேயே உள்ளன.

முதலில் காலவரிசை. எல்பிடி என்ற பின்னணி நிரல் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் தோன்றியது என்றும், எல்பிஆர் கட்டளை 3பிஎஸ்டியில் தோன்றியது என்றும் பிஎஸ்டி கையேடுகளின் வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. ஆறாம் பதிப்பு 1975-ஐச் சேர்ந்தது. 3பிஎஸ்டி 1979-இன் இறுதியில் வந்தது. வரிசையில் வேலையைச் சேர்க்க ஏதேனும் ஒரு கட்டளை இல்லாமல் வரிசையைக் கவனிக்கும் பின்னணி நிரலுக்குப் பயனில்லை. மேலும் 1979 ஜனவரியில் வெளிவந்த ஏழாம் பதிப்பின் இரண்டாம் தொகுதியில் உள்ள சுருக்கப் பட்டியல், கோப்புகளைக் கையாளும் கட்டளைகளுக்கு நடுவே எல்பிஆரையும் வைக்கிறது. எனவே 3பிஎஸ்டி என்ற குறிப்பை, பெர்க்லி வெளியீடுகளில் அக்கட்டளை முதலில் இடம்பெற்ற காலம் என்று மட்டுமே கொள்ளலாம். கட்டளையின் பிறப்பு அதற்கு முந்தியது; எந்த ஆண்டு என்பதை இச்சான்றுகளைக் கொண்டு வரையறுக்க இயலாது.

பெர்க்லியின் தனிப் பங்களிப்பு 1983-இல் வந்த 4.2பிஎஸ்டியில் தெரிகிறது. ரால்ஃப் கேம்ப்பெல் அதற்கு எழுதிய அச்சு வரிசைக் கையேடு, பிரிண்ட்கேப் என்ற விவரக் கோப்பை மையமாக வைக்கிறது. எந்த அச்சுப்பொறி எந்தக் கணினியில் இருக்கிறது, அதன் வரிசை எந்த அடைவில் சேர்கிறது, எந்த வடிகட்டி நிரல் வழியாகக் கோப்பு செல்ல வேண்டும் என்பனவெல்லாம் நிரலைவிட்டுப் பிரிந்து இந்த ஒரு கோப்புக்குள் வந்தன. பக்கத்து மேசை அச்சுப்பொறிக்கும் வேறு கட்டடத்து அச்சுப்பொறிக்கும் பயனர் இடும் கட்டளை ஒன்றாகவே இருந்தது. நெறிமுறைக்கெனத் தனி ஆவணம் அப்போது தேவைப்படவில்லை. இரு முனைகளிலும் ஓடியது ஒரே நிரல்.

ஆர்எஃப்சி 1179 இதற்கு ஏழு ஆண்டுகள் பிந்தியது. அதன் பதிப்பாசிரியர் வொல்லாங்காங் குழுமத்தைச் சேர்ந்த லியோ மெக்லாக்லின். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் நைட் யூனிக்ஸ் நெறிமுறையைப் புரிந்தெடுத்து எழுதிய முந்தைய வடிவங்களையே ஏறத்தாழ முழுவதும் சார்ந்திருப்பதாக அவர் நன்றியுடன் குறிப்பிடுகிறார். புழக்கத்தில் இருக்கும் நெறிமுறையை விவரிப்பதாகவும் இணையத் தரம் எதையும் வகுக்கவில்லை என்றும் ஆவணம் தொடக்கத்திலேயே அறிவிக்கிறது. அதைச் சட்டநூலாக்கியது பின்வந்தவர்களின் வாசிப்பு. ஆனால் ஆவணத்தின் நடையும் அதற்கு இடம்கொடுத்தது. விவரிக்க வந்த ஆவணம் பல இடங்களில் விதிக்கும் குரலில் பேசுகிறது.

அத்தகைய விதிகளில் ஊன்றிப் பார்க்க வேண்டியது போர்ட் எண் பற்றியது. பின்னணி நிரல் 515-ஆம் போர்ட்டில் காத்திருக்கும் என்கிறது ஆவணம். இதில் கருத்து வேறுபாடில்லை. அடுத்து, வேலையை அனுப்பும் கணினி 721 முதல் 731 வரையிலான போர்ட்டிலிருந்தே பேச வேண்டும் என்கிறது. பெர்க்லி நிரலில் இந்த எல்லை இல்லை. அனுப்பும் நிரல் 1023-இல் தொடங்கிக் கீழிறங்கி, ஒதுக்கப்பட்ட போர்ட்டுகளில் காலியாக உள்ள ஒன்றைப் பிடிக்கிறது. பெறும் நிரலோ எண் 1024-க்குக் கீழ் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. யூனிக்ஸில் அத்தகைய போர்ட்டைத் திறக்க நிர்வாகி உரிமை வேண்டும் என்பதால் அந்தச் சோதனைக்குத் தெளிவான காரணம் உண்டு. 721 முதல் 731 வரை என்ற பதினோரு எண்களுக்கு ஆவணம் காரணம் எதுவும் தரவில்லை.

இந்த எல்லை எங்கிருந்து வந்தது என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. பெர்க்லி நிரலைப் படித்து எழுதியவருக்கு அந்த எண்கள் அதில் கிடைத்திருக்க முடியாது என்பது மட்டும் உறுதி. யூனிக்ஸ் அல்லாத கணினிக்காக எழுதப்பட்ட ஏதோ ஒரு நிரல் தன் வசதிக்கு வகுத்துக்கொண்ட எல்லை ஆவணத்துக்குள் ஏறியிருக்கலாம். இது ஊகமே, ஆயினும் ஆவணத்தின் மற்றொரு பகுதி இதற்கு வலுச்சேர்க்கிறது. கட்டுப்பாட்டுக் கோப்பில் வரும் எழுத்துகளின் பட்டியலில், கெர்பரோஸ் வழி நிரல்களுக்கென ஓர் எழுத்தும் பல்லேடியம் அச்சு அமைப்புக்கென ஓர் எழுத்தும் ஒதுக்கப்பட்டுள்ளன. இவை இரண்டும் எம்ஐடியின் அத்தீனா திட்டத்தில் உருவானவை, 4.2பிஎஸ்டியுடன் தொடர்பில்லாதவை. வேறிடத்து வழக்கங்களை ஏற்றுக்கொண்ட கை போர்ட் எண்ணிலும் அவ்வாறே செய்திருக்கும் என்று கருதுவதில் தவறில்லை. எல்லை புகுந்த காலம் 1983-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது என்பதற்கு மேல் சுருக்க இயலவில்லை.

விதியாகப் படிக்கப்பட்டதால் இந்த எல்லை நடைமுறையில் இடர் தந்தது. டிசிபி இணைப்பை முதலில் மூடும் கணினி, 1981-இன் வரையறைப்படி அந்த இணைப்பின் அடையாளத்தை நான்கு நிமிடம் ஒதுக்கிவைக்க வேண்டும். ஒரே அச்சுப்பொறிக்குச் சிறு கோப்புகளை அடுத்தடுத்து அனுப்பினால், பதினொன்றும் தீர்ந்தபின் பன்னிரண்டாவது வேலை காத்திருக்க நேரும். விண்டோஸ் என்டி 3.5 வரிசை இந்த எண்களையே பின்பற்றி இதே தாமதத்தைச் சந்தித்தது, என்டி 4.0 எல்லையை 512 முதல் 1023 வரை விரித்தது. அதாவது பெர்க்லியின் பழைய வழிக்கே அது திரும்பியது.

இரண்டாவது வேறுபாடு கோப்புகளின் வரிசைமுறை. ஒவ்வொரு வேலைக்கும் அச்சிட வேண்டிய தரவுக் கோப்பும், அதைப் பற்றிய கட்டுப்பாட்டுக் கோப்பும் உண்டு. பின்னதில் எச் என்று தொடங்கும் வரி அனுப்பிய கணினியின் பெயரையும், பி வரி பயனரின் பெயரையும், ஜே வரி வேலையின் பெயரையும் தருகின்றன. எது முதலில் செல்ல வேண்டும் என்று ஆர்எஃப்சி 1179 விதிக்கவில்லை. பெர்க்லி நிரல் தரவை முதலிலும் கட்டுப்பாட்டுக் கோப்பைக் கடைசியிலும் அனுப்பியது. பின்னணி நிரல் அடைவில் தேடுவது கட்டுப்பாட்டுக் கோப்பைத்தான். அது இருந்தால் வேலை முழுமையாக வந்துவிட்டது என்று பொருள். எனவே இணைப்பு பாதியில் அறுந்தாலும் அரைகுறை வேலை அச்சேறாது. ஆவணத்தை மட்டும் படித்து எழுதியவர்களுக்கு இந்தக் காரணம் தெரிய வழியில்லை; கட்டுப்பாட்டுக் கோப்பை முதலில் அனுப்பும் நிரல்களும் தோன்றின, இரு முறைகளையும் ஏற்கும் பொறுப்பு பெறும் நிரல்கள் மேல் விழுந்தது.

ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ் கிளை எல்பி என்ற வேறு கட்டளையை வளர்த்தது. 1992-இன் போசிக்ஸ் தரம் ஏற்றுக்கொண்டதும் எல்பியையே. எல்பிஆருக்கு அதில் இடமில்லை. இரு கட்டளைகளின் தெரிவு எழுத்துகளும் மோதுகின்றன: எல்பியில் டி அச்சுப்பொறியைத் தேர்கிறது, பெர்க்லியின் எல்பிஆரில் அதே எழுத்து டெக் மென்பொருளின் வெளியீட்டுக் கோப்பைக் குறிக்கிறது.

இரு கிளைகளையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது கப்ஸ். மைக்கேல் ஸ்வீட் 1997-இல் தொடங்கி 1999-இல் வெளியிட்ட இவ்வமைப்பு முதலில் எல்பிடி நெறிமுறையின் மீதே திட்டமிடப்பட்டது. அதன் குறைகளாலும், நிறுவனத்துக்கு நிறுவனம் அது வேறுபட்டதாலும், 631-ஆம் போர்ட்டில் இயங்கும் ஐபிபி நெறிமுறைக்கு மாறியது. எல்பிஆரும் எல்பியும் இப்போது கப்ஸின் ஒரே வரிசைக்கு வேலையை அனுப்புகின்றன. ஆர்எஃப்சி 1179 உண்மையிலேயே சட்டநூலாக இயங்கியிருந்தால் அந்த நிறுவன வேறுபாடுகள் தோன்றியிருக்கக் கூடாது. பழைய அச்சுச் சேவையகங்களின் நடத்தையை ஆராயும்போது 4.2பிஎஸ்டி நிரலை முதற்சான்றாகவும், ஆவணத்தை 1990-இல் நிலவிய ஒரு வழக்கின் சாட்சியாகவும் கொள்வதே முறையாகும்.