கவிமணியின் ஓய்வுக்காலம்

மாணவ மாணவியர்க்கு முதுமையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் வினவக்கூடும். பதினாறு வயதினர்க்கு அறுபது வயது என்பது தொலைவில் தோன்றும் மலை போன்றது. அதன் நீலநிறம் தெரியும், ஏற்றமும் இறக்கமும் தெரியா. எனினும், வரலாற்றைக் கருத்தூன்றிப் படிப்பவர்கள் ஓர் உண்மையைக் காண்பர். முதுமையில் மனநிறைவோடு வாழ்ந்த பெரியோர்கள் அந்நிறைவை முதுமை வந்த பின்னர்த் தேடத் தொடங்கியவர்கள் அல்லர். அதற்கு வேண்டியவற்றை இளமையிலும் நடுவயதிலும் சேர்த்து வைத்தவர்கள். இவ்வுண்மைக்கு நம் நாஞ்சில் நாட்டிலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. அது கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் வாழ்க்கை.

தோவாளை, அகத்தீசுவரம் என்னும் இரு வட்டங்களும் சேர்ந்த நெல்வயல் சூழ்ந்த பகுதியே நாஞ்சில் நாடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலிருந்து இறங்கும் பழையாறும் ஊர்தோறும் விளங்கும் குளங்களும் இந்நாட்டின் வளத்துக்குக் காரணம். நெடுங்காலம் திருவிதாங்கூர் மன்னர்களின் ஆட்சியில் இருந்து, 1956 நவம்பர் முதல் நாள் இது அந்நாளைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இங்கே, சுசீந்திரத்திற்கு அண்மையில் உள்ள தேரூரில், 1876 சூலை 27ஆம் நாள் கவிமணி பிறந்தார். தந்தையார் சிவதாணுப் பிள்ளை. தாயார் ஆதிலட்சுமி அம்மையார். அக்காலத் திருவிதாங்கூர்ப் பள்ளிகளில் மலையாளமே முதலிடம் பெற்றிருந்தமையால் அவரும் பள்ளியில் மலையாளம் பயின்றார். தமிழை அவருக்கு முறையாகக் கற்பித்தவர், தேரூரில் இருந்த திருவாவடுதுறை மடத்தைச் சார்ந்த சாந்தலிங்கத் தம்பிரான் ஆவார். அங்கே கற்ற தமிழ் தேர்வுக்காகக் கற்றதன்று, ஊதியத்துக்காகக் கற்றதுமன்று. பின்னாளில் அவருடைய முதுமைக்குத் துணையாக நின்றது அந்தத் தமிழே.

ஆசிரியப் பயிற்சி பெற்ற அவர், கோட்டாற்றுப் பள்ளியிலும், நாகர்கோவில் போதனாமுறைப் பாடசாலையிலும், திருவனந்தபுரத்தில் பெண்களுக்கான போதனாமுறைப் பாடசாலையிலும் 36 ஆண்டுகள் பணியாற்றினார். ஆசிரியர்களுக்கே ஆசிரியராக விளங்கியவர் என்பதை ஆசிரியத் தொழிலில் முதிர்ந்த என்போன்றோர் பெருமையோடு நினைவுகூர்கிறோம். 1901ஆம் ஆண்டில் புத்தேரி என்னும் ஊரைச் சேர்ந்த உமையம்மையை மணந்தார். இவ்விணையருக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை.

இனி, அவர் வாழ்ந்த காலத்தில் நாஞ்சில் நாட்டு முதியோரின் நிலை எவ்வாறிருந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். அதனை அறிந்தால்தான் அவருடைய ஓய்வுக்காலத்தின் சிறப்பு நமக்கு விளங்கும்.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே அக்காலத்தில் மருமக்கள்வழி முறை வழங்கி வந்தது. ஒருவர் இறந்தால் அவருடைய குடும்பச் சொத்து மக்களைச் சேராது. உடன்பிறந்தாளின் மக்களாகிய மருமக்களைச் சேரும். மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்ற பெயரால் ஒரு சிறு பகுதியே கிடைக்கும். குடும்பத்தின் மூத்த ஆண்மகன் காரணவர் எனப்பட்டான். நிலபுலன்களை ஆளும் அதிகாரம் அவன் கையில் இருந்தது. இம்முறையால் முதுமை எய்திய ஒருவரின் நிலை என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். அன்பு மக்கள்பால் உண்டு. உரிமை மருமக்கள்பால் உண்டு. இரு சாராரும் முதியவரின் படுக்கையருகே நின்று அவருடைய பெட்டிச் சாவியையே நோக்கிக்கொண்டிருப்பர். முதியவரோ, தம் அதிகாரத்தை விடவும் மனமின்றி, யாரை நம்புவது என்றும் தெரியாமல் வழக்கும் வம்புமாகத் தம் இறுதி ஆண்டுகளைக் கழிப்பார். சொத்து மிகுந்த இடத்தில் நிம்மதி குறைந்ததற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இக்கொடுமையைக் கண்டு உள்ளம் நொந்த கவிமணி, நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் என்னும் நகைச்சுவைக் காவியத்தை இயற்றினார். அது 1917, 1918 ஆண்டுகளில் தமிழன் என்னும் இதழில் வெளிவந்தது. ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் துயரக் கதையைத் தானே கூறுவதாக அது அமைந்துள்ளது. அதன் ஒரு பகுதிக்குக் கோடேறிக் குடிமுடித்த படலம் என்று பெயர். கோடு என்பது நீதிமன்றத்தைக் குறிக்க நாஞ்சில் நாட்டார் வழங்கிய சொல். வழக்குமன்றத்தின் படியேறிக் குடும்பத்தையே முடித்துவிட்ட கதை அது என்பது பெயரிலிருந்தே விளங்கும். நூல் படிப்போர் முதலில் சிரிப்பர், பின்னர்ச் சிந்திப்பர். மக்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்ற கிளர்ச்சிக்கு அந்நூல் ஊக்கமளித்தது. 1926ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றியது. பழைய முறை மெல்ல மெல்ல மறைந்தது.

அந்நூலில் வரும் காரணவரை நாம் மறத்தலாகாது. அவர் வறியவர் அல்லர். நிலமும் அதிகாரமும் உடையவர். மேலும் மேலும் வேண்டும் என்ற வேட்கை அவரை முதுமையிலும் விடவில்லை. மணத்தின்மேல் மணம், வழக்கின்மேல் வழக்கு என்று அவர் வாழ்நாள் கழிந்தது. வீடு நிறைய மனிதர் இருந்தும் மனம் ஒன்றிய துணை ஒன்றும் இல்லை. இவ்வாறு, முதுமை எப்படி இருத்தல் ஆகாது என்பதைத் தம் நாற்பதாம் வயதை ஒட்டியே கவிமணி எழுதிக் காட்டிவிட்டார். எப்படி இருத்தல் வேண்டும் என்பதைப் பின்னர் வாழ்ந்து காட்டினார்.

1931ஆம் ஆண்டில், தம் 55ஆம் வயதில், அவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். திருவனந்தபுரம் அரசின் தலைநகரம். கற்றோரும் செல்வரும் கூடும் இடம். புகழை நாடுபவர்க்கு ஏற்ற ஊர் அதுவே. ஆனால் அவர் துணைவியாரின் ஊராகிய புத்தேரியைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். நாகர்கோவிலுக்கு அண்மையில், வயலும் குளமும் மலைக்காட்சியும் உடைய சிற்றூர் அது. 1954 செப்டம்பர் 26ஆம் நாள் மறையும் வரை, 23 ஆண்டுகள் அவர் அங்கேயே அமைதியாக வாழ்ந்தார்.

அந்த 23 ஆண்டுகளில் விளைந்த விளைவைக் கேளுங்கள். மலரும் மாலையும் என்னும் பாடற்றொகுப்பு 1938இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 62. காந்தளூர்ச் சாலை பற்றிய ஆராய்ச்சி நூல் 1939இல் வந்தது. கல்வெட்டுகளைப் படித்தறியும் பழக்கத்தை அவர் பணிக்காலத்திலேயே வளர்த்துக்கொண்டிருந்தார். எட்வின் ஆர்னால்டு ஆங்கிலத்தில் பாடிய புத்தர் வரலாற்றைத் தழுவிய ஆசிய ஜோதி 1941இல் வெளிவந்தது. மருமக்கள்வழி மான்மியம் 1942இல் நூலாயிற்று. பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் பாடல்களை, பிட்ஸ்ஜெரால்டின் ஆங்கில ஆக்கத்தின் வழியே தமிழாக்கி 1945இல் அளித்தார். தேவியின் கீர்த்தனங்கள் 1953இல், அவருடைய 77ஆம் வயதில் வந்தது. இவற்றுள் சில பாடல்கள் முன்னரே எழுதப்பட்டவை எனினும், நூலாக நாட்டுக்குக் கிடைத்தவை அனைத்தும் ஓய்வுக்காலத்துப் பயன்களே. அவர் ஓய்வு பெற்றதோடு எழுதுகோலையும் கீழே வைத்திருந்தால் தமிழகம் இழந்திருக்கக்கூடியது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

மற்றொன்றும் கருதத்தக்கது. மக்கட்பேறு இல்லாத அப்பெரியார், தமிழகத்துக் குழந்தைகள் அனைவருக்கும் பாட்டனார் ஆனார். பசுவையும் கன்றையும் பற்றி அவர் பாடிய எளிய பாட்டைத் தொடக்கப் பள்ளியில் பாடாத தமிழ்ப் பிள்ளைகள் மிகச் சிலரே. இல்லாத ஒன்றை எண்ணி ஏங்குவதற்கு மாறாக, இருக்கும் அன்பை விரித்துப் பலர்க்கும் வழங்கினார். தம்மோடு தாம் இணங்கி வாழ்தல் என்பது இதுவே. குறையே இல்லாத வாழ்க்கை யார்க்கும் இல்லை. குறையோடு பகை கொள்ளாத மனம் சிலர்க்கு உண்டு.

புகழும் அவரைத் தேடிக்கொண்டு புத்தேரிக்கு வந்தது. 1940 டிசம்பரில் சென்னையில் தமிழவேள் உமாமகேசுவரம் பிள்ளை அவருக்குக் கவிமணி என்னும் பட்டத்தை வழங்கினார். அதன் பின்னரும் அவர் சென்னையில் குடியேறவில்லை. பட்டத்தைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். அவருடைய பாடல்களைத் தமிழகமெங்கும் பரப்பிய நண்பர் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், தம் பதவிக்காலம் முடிந்த பின்னர்க் குற்றாலச் சாரலை நாடி வாழ்ந்தவர். ஒருவர் மலையடிவாரத்து அருவியூரிலும் மற்றவர் நாஞ்சில் நாட்டுக் குளக்கரையூரிலும் இருந்து கவிதையைத் துய்த்து நட்பு வளர்த்தனர். இருவரும் 1954ஆம் ஆண்டிலேயே மறைந்தனர்.

பிற நாட்டு வரலாற்றிலிருந்தும் ஒன்றைக் கூறலாம். உரோமாபுரியின் பெரும் பேச்சாளராகிய சிசரோ, கி.மு. 44ஆம் ஆண்டில், தம் 62ஆம் வயதில், முதுமையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். முதுமையின்மேல் மக்கள் ஏற்றும் குற்றங்களுட் பல முதுமையின் குற்றங்கள் அல்ல, குணத்தின் குற்றங்களே என்பது அந்நூலின் கருத்து. தம்முள்ளே நிறைவு காணாதவர்க்கு எந்த வயதும் சுமையே என்று அவர் காட்டுகிறார். அரிய நூல் அது. ஆயினும் அவரே அந்த ஆண்டில் மீண்டும் அரசியற் போராட்டத்தில் இறங்கினார். அடுத்த ஆண்டு பகைவர்களால் கொல்லப்பட்டார். நாட்டின் உரிமைக்காக அவர் அவ்வாறு செய்தார் என்பதால் அவரைக் குறைகூற வேண்டுவதில்லை. அமைதியான முதுமையை எழுதுவதற்கு நேர்ந்த வாய்ப்பு, அதனை வாழ்வதற்கு அவருக்கு நேரவில்லை. கவிமணிக்கு நேர்ந்தது, நேர்ந்ததை அவர் வீணாக்கவில்லை.

சிசரோவுக்கு ஒப்ப நம் சங்கச் சான்றோருள்ளும் இப்பொருளைப் பற்றிப் பாடியவர் ஒருவர் உளர். அவர் பிசிராந்தையார். ஆண்டுகள் பல ஆகியும் உமக்கு நரை தோன்றாதது எவ்வாறு என்று வினவியோர்க்கு அவர் கூறிய விடை புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது. அவ்விடையில் மருந்தும் இல்லை; மந்திரமும் இல்லை. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், கருத்தறிந்து நடக்கும் ஏவலர், தீயவை செய்யாத அரசன், எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் ஊரில் வாழும் அடக்கமுள்ள சான்றோர் பலர் ஆகியோரையே அவர் காரணமாகக் காட்டுகிறார். இதிலிருந்து நாம் அறிவது யாது? முதியவரின் மனஅமைதி அவர் ஒருவரால் மட்டும் அமைவதன்று. வீடும் ஊரும் அரசும் நல்லவையாக இருத்தல் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறுதல் கடமை. எளிமை வேறு, வறுமை வேறு. எளிமை ஒருவர் விரும்பி மேற்கொள்வது. வறுமை ஒருவர்மேல் வந்து விழுவது. கவிமணிக்கு நெடுநாளைய அரசுப் பணியும் அன்புள்ள துணைவியும் இருந்தமையால் அவருடைய எளிமை இனிதாயிற்று. உழைத்து உழைத்துத் தேய்ந்த உழவனிடமும், கடலில் வலைவீசிக் களைத்த மீனவனிடமும், எளிமையாக வாழுங்கள் என்று அறிவுரை கூறிவிட்டு நாம் போய்விடுதல் அறமாகாது. இதனை உணர்ந்தே தமிழ்நாட்டில் 1962ஆம் ஆண்டில் ஆதரவற்ற முதியோர்க்கு உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பெற்றது. பெற்றோரையும் முதியோரையும் பேணுதல் மக்களின் கடமை என்று 2007ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. அன்பினால் நடக்க வேண்டியதைச் சட்டத்தால் நடத்த நேர்ந்தது வருந்தத்தக்கதே. ஆயினும் சட்டம் இல்லாதிருப்பதினும் இருப்பது நன்று.

மாணவர்களே! கவிமணியின் நினைவாக 2005ஆம் ஆண்டில் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. அவர் பிறந்த தேரூரின் குளமும் சுசீந்திரத்துக் குளமும் சேர்ந்த நீர்நிலைப் பகுதி 2022ஆம் ஆண்டில் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பெற்றது. நாஞ்சில் நாட்டுக்கு வருவோர் அக்குளங்களில் பறவைகளைக் கண்டு மகிழ்வதோடு, தேரூரிலும் புத்தேரியிலும் வாழ்ந்த அப்பெரியாரையும் ஒரு கணம் எண்ணுதல் நலம்.

அவர் வாழ்க்கையிலிருந்து நீங்கள் இன்றே கைக்கொள்ளத்தக்கவை மூன்று. ஊதியத்தை எண்ணாமல் ஒரு கலையையோ கல்வியையோ கற்றுக்கொள்ளுங்கள். பதவி உங்களை விட்டு நீங்கும் நாளில் அது உங்களோடு வீட்டுக்கு வரும். பயன் கருதாத நட்பு ஒன்றிரண்டேனும் தேடிக்கொள்ளுங்கள். தேவை எது, ஆசை எது என்று பிரித்தறியும் பழக்கத்தை, கையில் பொருள் சேரத் தொடங்கும் முன்னரே பழகிக்கொள்ளுங்கள். அறுபதாம் வயதில் இவற்றைப் புதிதாகப் பழகுவது கடினம் என்பதைப் பள்ளிக்கூடத்து மணியோசை நின்றுபோன பின்னும் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஆசிரியர் பலரைக் கண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். பதினாறில் பழகியவர்க்கோ அது மூச்சு விடுவதுபோல் எளிதாகிவிடும்.

இன்று உங்கள் வீட்டுத் திண்ணையிலோ முன்னறையிலோ ஒரு முதியவர் அமர்ந்திருக்கலாம். அவரிடம் சென்று அவர் இளமையில் கற்றது யாது என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்குவார். நீங்கள் பொறுமையோடு கேட்டால் இருவருக்கும் நன்மை உண்டாகும். பிசிராந்தையார் கூறிய நல்ல ஊர் அவ்வாறுதான் அமையும்.